பழைய ஃபிளாப்பிகளை எதில் படிப்பது: யுஎஸ்பி டிரைவா, பழைய கணினியா, கிரீஸ்வீசலா, கிரையோஃபிளக்ஸா?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து டிடிபி சென்டர்களிலும் சிறு அச்சகங்களிலும் இன்னும் ஃபிளாப்பிப் பெட்டிகள் கிடக்கின்றன. ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் மலையாளமுமாக அடித்த கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், ஆழியாற்றுத் தண்ணீர் கேட்டு விவசாயிகள் போட்ட துண்டறிக்கை என்று எல்லாம் அவற்றில் இருக்கலாம். அச்சான தாள்களை யாரும் சேர்த்து வைக்கவில்லை. கடை கைமாறும்போது பெட்டியும் எடைக்குப் போய்விடும். எல்லையோரத் தமிழர்கள் இரண்டு மொழியில் வாழ்ந்ததற்கான எழுத்துச் சாட்சி இது. வேறெங்கும் இதற்கு நகல் கிடையாது.

எந்தக் கருவியில் படிப்பது என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. 3.5 அங்குல டாஸ் ஃபிளாப்பி என்றால் முதலில் யுஎஸ்பி டிரைவும், சேதமான வட்டை மீட்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருளும். அதில் பிழை காட்டியவை, 5.25 அங்குல வட்டுகள், அடையாளம் தெரியாதவை எல்லாம், காந்தச் சிக்னலையே பதிவு செய்யும் சிறு போர்டான கிரீஸ்வீசலுக்கு. கோப்பை யூனிகோடாக மாற்றும் வேலையை அடுத்த வருடம்கூடச் செய்யலாம். வட்டைப் படிக்கிற வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அதனால் கெட்ட செக்டர் (வட்டில் தகவல் பதியும் சிறு கூறு) வந்தால் ஒரு கருவி என்ன செய்கிறது, பின்னால் வருபவருக்கு எதை மிச்சம் வைக்கிறது என்ற இரண்டையும் வைத்தே இங்கே எடை போடுகிறேன்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் வட்டைப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடங்கி மாதக்கணக்கில் கொட்டுகிற ஊர்களில் காந்தப்பூச்சின்மேல் பூசணம் பிடிக்கும். 3.5 அங்குல வட்டின் உலோக மூடியை நகர்த்தி, அடியிலுள்ள நடுவட்டத்தை விரலால் மெல்லச் சுற்றி, வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ படலமோ தெரிந்தால் டிரைவில் போடவே கூடாது. பூசணம் டிரைவின் படிக்கும் தலையில் ஒட்டி அந்த வட்டையும் கீறும், அடுத்து வருவதையும் கீறும். உறையைப் பிரித்து, வட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, வேறொரு நல்ல உறைக்குள் மாற்றிய பிறகே படிக்க வேண்டும். டிரைவின் தலையையும் அடிக்கடி துடைக்க வேண்டும்.

அப்புறம் எழுத்துத் தடுப்பு. 3.5 அங்குலத்தில் மூலைத் துளை திறந்திருந்தால் வட்டில் எதுவும் எழுத முடியாது. 5.25 அங்குலத்தில் நேர்மாறு: பக்கவாட்டு வெட்டை ஸ்டிக்கரால் மூடினால்தான் பாதுகாப்பு. இதைச் செய்யாமல் போட்டால், விண்டோஸ் 95, 98 போன்றவை வட்டின் முதல் செக்டரிலேயே தம் அடையாளக் குறியை எழுதிவிடும்.

இனி யுஎஸ்பி டிரைவ். விலை குறைவு, லேப்டாப்பில் செருகினால் வேலை முடிந்தது. பெரும்பாலும் 1.44 எம்பி, 720 கேபி என்ற இரண்டு பிசி வடிவங்களை மட்டுமே படிக்கும். இதை வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது, ஃபோல்டரைத் திறந்து கோப்புகளை இழுத்துப் போடுவது. அது வேண்டாம். முதல் கெட்ட செக்டரிலேயே நகல் நின்றுவிடும். அழிக்கப்பட்டும் வட்டில் மிச்சமிருக்கும் கோப்புகள் வரவே வராது. முழு வட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுக்க வேண்டும். விண்டோஸில் வின்இமேஜ் இதைச் செய்யும், பார்க்கவும் எளிது. ஆனால் சேதமான வட்டுக்கு லினக்ஸின் டிடிரெஸ்க்யூ பல மடங்கு மேல். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களை மேப் கோப்பில் குறித்து வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். அந்த மேப் கோப்பை வைத்துக்கொண்டு அதே வட்டை வேறொரு டிரைவில் போட்டால், விட்டுப்போன செக்டர்களை மட்டும் தேடிப் பிடிக்கும். தலையின் நிலை டிரைவுக்கு டிரைவ் கொஞ்சம் மாறும் என்பதால், ஒன்றில் வராதது இன்னொன்றில் வருவது உண்டு. ஆகவே இரண்டு மூன்று யுஎஸ்பி டிரைவ் வைத்திருப்பது வீண்செலவு இல்லை.

படித்து முடித்ததும் அளவைப் பாருங்கள். சாதாரண 1.44 எம்பி வட்டு என்றால் 2 பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். மொத்தம் 14,74,560 பைட். அதற்குக் குறைந்தால் எங்கோ அறுந்திருக்கிறது.

பழைய கணினி வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மதர்போர்டில் 34 முனை ஃபிளாப்பி கேபிள் போடுகிற, ஓடும் நிலையிலுள்ள கணினி கையில் இருந்தால் நல்லது. டாஸில் ஓடும் இமேஜ்டிஸ்க் 5.25 அங்குல வட்டுகளையும் டாஸுக்கு முந்தைய சிபிஎம் இயங்குதளக் காலத்து விசித்திர வடிவங்கள் பலவற்றையும் படிக்கும். இதற்காகவே ஒரு கணினியைத் தேடி வாங்கிப் பழுது பார்ப்பது மட்டும் வேண்டாம். அந்தப் பணமும் நேரமும் அடுத்த வழிக்குப் போகட்டும்.

இதுவரை சொன்ன இரண்டிலும் அடிப்படையான ஒரு குறை உண்டு. டிரைவின் கட்டுப்பாட்டுச் சில்லு காந்தச் சிக்னலைத் தானே பூஜ்யமும் ஒன்றுமாக முடிவு செய்து, கூட்டல் சரிபார்ப்பு ஒத்துவராவிட்டால் ‘படிக்க முடியவில்லை’ என்று மட்டும் சொல்கிறது. கிரீஸ்வீசலும் கிரையோஃபிளக்ஸும் முடிவெடுப்பதில்லை. காந்தத் திசை மாறும் ஒவ்வொரு கணத்துக்கும் இடையிலுள்ள நேரத்தை அப்படியே பதிவு செய்கின்றன. சிதைந்த ஏட்டை ஒருவர் படித்துச் சொல்லக் கேட்பதற்கும் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் இது. வட்டு மூன்று நான்கு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாகப் பதிந்தால், ஒரு சுற்றில் தவறிய செக்டர் இன்னொன்றில் கிடைக்கலாம். இன்றைய மென்பொருளால் பிரிக்க முடியாததை நாளைய மென்பொருள் பிரிக்கலாம், அதற்கு வட்டைத் திரும்பத் தொட வேண்டியதில்லை.

இரண்டில் எது? கிரையோஃபிளக்ஸ், மென்பொருள் பாதுகாப்புச் சங்கம் என்ற குழுவிடமிருந்து வந்தது. வெளிநாட்டு நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பல ஆண்டுகள் பயன்படுத்திப் பழகிய கருவி. ஆனால் விலை சில மடங்கு அதிகம். தனிநபர் பயன்பாட்டுக்கு ஒரு உரிமம், நிறுவனத்துக்கு வேறொரு உரிமம். ஒரு வட்டைப் படித்தால் தடத்துக்கு ஒன்றாக நூற்றுக்கும் மேல் கோப்புகள் வந்து குவியும். கிரீஸ்வீசல், கீர் ஃபிரேசர் உருவாக்கியது. மென்பொருளும் ஃபர்ம்வேரும் பொதுச் சொத்து. போர்டு சிறியது, விலை குறைவு, யுஎஸ்பியில் செருகி டிரைவின் கேபிளை மாட்டினால் போதும். காந்தப் பதிவை எஸ்சிபி வடிவில் ஒரே கோப்பாகத் தரும். வட்டு நல்ல நிலையில் இருந்தால் நேராக ஐஎம்ஜி என்ற சாதாரண வட்டுப் பிம்பக் கோப்பாகவும் தரும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து பழக வேண்டும் என்பது ஒன்றுதான் சிரமம். ஒரு ஊர் நூலகமோ கல்லூரித் தமிழ்த் துறையோ இந்த வேலையைத் தொடங்கினால் தயங்காமல் கிரீஸ்வீசலை வாங்கச் சொல்வேன். ஒரு நிறுவனத்தின் முடிவை நம்பி இல்லாத கருவி என்பது நமக்குப் பெரிய பலம்.

எஸ்சிபி கோப்பு பல பத்து எம்பி வரும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது ஒரு சுமையே இல்லை. பிழை வந்த வட்டுகளுக்கு எஸ்சிபி, ஐஎம்ஜி இரண்டையும் வைத்திருங்கள்.

கிரீஸ்வீசலுக்குக் கணினிக்குள் பொருத்தும் பழைய வகை டிரைவ் வேண்டும். கோயம்புத்தூரில் பழைய கணினி பாகம் விற்கும் கடைகளில் தேடிப் பார்க்கலாம். 5.25 அங்குல டிரைவுக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால் கணினிக்கு மின்சாரம் தரும் பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். 1.2 எம்பி டிரைவ் ஒன்று இருந்தால் 360 கேபி வட்டையும் அதிலேயே படிக்கலாம், தலையை ஒரு தடம் விட்டு ஒரு தடம் நகரச் சொன்னால் சரி. டிரைவ்களைத் தேடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். சோனியே 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. சந்தையில் இருப்பவை எல்லாம் வயதானவை.

பிம்பம் கைக்கு வந்த பிறகு உள்ளே பெரும்பாலும் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகள்தான் இருக்கும். லிப்ரேஆபீஸ் அவற்றில் பலவற்றைத் திறக்கும், பக்க அமைப்பு குலைந்து வரலாம். பழைய கணினியைப் போலவே நடிக்கும் 86பாக்ஸ் மென்பொருளில் விண்டோஸ் 98 நிறுவி, அதில் பேஜ்மேக்கரையும் பழைய எழுத்துருக்களையும் போட்டுத் திறந்தால் அச்சான பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே கிடைக்கும். வேலை அதிகம், பலனும் அதிகம். வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்து மென்பொருளில் அடித்த ஆங்கிலக் கடிதங்களில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கோணலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்த எழுத்தின் எட்டாவது பிட்டை நீக்கினால் சரியாகிவிடும்.

யூனிகோடுக்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறிமுறையில் இருந்தன; எந்த பைட்டுக்கு எந்த எழுத்து என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். 1999இல் தமிழ்நாடு அரசு டேப், டேம் என்ற இரண்டு குறிமுறைகளைத் தரப்படுத்தியது. அப்போதும் ஒவ்வொரு கடையும் ஒவ்வொன்றில் அடித்துக்கொண்டிருந்தது. எந்த எழுத்துரு என்று தெரிந்தால், அதை யூனிகோடாக்கும் என்எச்எம் கன்வெர்ட்டர் போதும். தெரியாவிட்டால், அல்லது நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே ஓட்டத்தில் மாற்ற வேண்டுமென்றால், பைத்தானில் ஓடும் ஓப்பன்-தமிழ் நல்லது; குறிமுறையைத் தானே ஊகிக்கும் வசதி அதில் உண்டு. மலையாளப் பகுதிக்கு, கார்த்திகா, ரேவதி போன்ற பழைய எழுத்துருக்களை மாற்ற சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் பையன்ஸ் என்ற மாற்றி இருக்கிறது.

எல்லையோரக் கோப்புகளுக்கென்றே உள்ள சிக்கல் இங்கேதான் வருகிறது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் ஒரே பைட்டுகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எது எந்த மொழி என்பதை எழுத்துருவின் பெயர் மட்டுமே சொல்லும். வெறும் உரையாக ஏற்றுமதி செய்தால் அந்தப் பெயர் போய்விடும், பிறகு பிரிக்க வழியில்லை. அதனால் பேஜ்மேக்கரிலிருந்து, எழுத்துருவின் பெயரையும் காக்கும் ஆர்டிஎஃப் வடிவில் எடுத்து, எழுத்துரு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய மாற்றியில் போட வேண்டும். மாற்றி முடித்ததை, இரண்டு எழுத்தும் படிக்கத் தெரிந்த பழைய டிடிபி ஆபரேட்டர் ஒருவரை உட்கார வைத்து, பேஜ்மேக்கரில் தெரியும் பக்கத்தோடு வரிக்கு வரி ஒப்பிடச் சொல்லுங்கள்.