வாய்ஸ்மெயிலுக்கு இரண்டாவது சர்வர்: எந்த வழி எங்கே காலை வாரும்?

போன் அழைப்புக்கு மாற்று சர்வர் வைப்பது இன்று பெரிய வித்தை இல்லை. ஒன்று படுத்தால் சிப் (SIP, இணையவழி போன் நெறிமுறை) அழைப்பை அடுத்ததற்குத் திருப்பிவிடலாம். பேச்சு அறுந்தவர் மறுபடி டயல் செய்தால் வேலை முடிந்தது. வாய்ஸ்மெயிலில் அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் அது பொருளை வாங்கி வைத்திருக்கும் இடம். நேற்று மாலை ஒரு நோயாளி விட்டுப்போன மெசேஜ், டாக்டர் தன் குரலில் பதிந்த வாழ்த்து, போன வாரம் அவர் மாற்றிய பின் நம்பர், மேஜை போனில் எரியும் சிவப்பு விளக்கு ஆகிய நான்கும் இரண்டாவது சர்வரிலும் அப்படியே இருந்தாக வேண்டும். மூன்று சரியாக இருந்து ஒன்று விட்டுப்போனாலும் ஹெல்ப்டெஸ்க்குக்கு வரும் புகார் ஒன்றுதான்: வாய்ஸ்மெயில் வேலை செய்யலை.

(வாட்ஸ்அப் வந்தபிறகு நம் ஊரில் வாய்ஸ்மெயில் கேட்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் இங்கே உட்கார்ந்து அமெரிக்க கிளினிக்குகளுக்கும் வக்கீல் அலுவலகங்களுக்கும் பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் போன் அமைப்பு) பார்ப்பவர்களுக்கு அது இன்றும் தினசரி தலைவலி.)

எந்த வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளப்பேன்: அமைப்பு பாதி செத்துக் கிடக்கும் நேரத்தில், மெசேஜ் விட வந்தவரின் குரல் எங்கே போகிறது? மெசேஜ் கேட்க வருபவர் பத்து நிமிடம் பொறுப்பார், திட்டிக்கொண்டாவது. விட வந்தவர் பொறுக்கமாட்டார். வைத்துவிட்டுப் போய்விடுவார், அவர் கூப்பிட்டதே யாருக்கும் தெரியாது.

அலசலுக்கு ஆஸ்டெரிஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். 1999-ல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய திறமூல பிபிஎக்ஸ் இது. அதை வளர்த்த டிஜியம் நிறுவனத்தை 2018-ல் சங்கோமா வாங்கியது. அதன் வாய்ஸ்மெயில், சும்மா விட்டால், எல்லாவற்றையும் சாதாரண ஃபைல்களாக வைக்கும். மெசேஜ்கள் சேரும் ஸ்பூல் ஃபோல்டருக்குள் மெயில்பாக்ஸ் எண், அதற்குள் இன்பாக்ஸ், அதற்குள் எம்எஸ்ஜி0000, எம்எஸ்ஜி0001 என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆடியோ ஃபைல், யார் எப்போது கூப்பிட்டார் என்று சொல்லும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். நடுவில் ஒன்றை அழித்தால் இடைவெளி விடாது. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் விலகினால் பின்னால் நிற்பவர்கள் ஓரடி முன்னே வருவதுபோல, பின்னால் உள்ள ஃபைல்கள் எல்லாம் பெயர் மாறும். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தப் பெயர் மாற்றத்திலிருந்தே பிறக்கிறது.

உதாரணமாக, கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓட வைப்பது) போட்டு, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் ஓட்டி இரு பக்கமும் சேர்த்துவிடலாம் என்ற யோசனை. ஒரு பக்கம் எம்எஸ்ஜி0003 என்பது மனைவி விட்ட மெசேஜ், மறு பக்கம் அதே பெயரில் வங்கி விட்ட மெசேஜ். ஒன்று மற்றதை விழுங்கும். ஒரு திசையில் மட்டும் ஓடும் பேக்கப்பாக ஆர்சிங்க் நல்லது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்து எல்லோர் மனதிலும் முதலில் வரும் என்எஃப்எஸ், அதாவது நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஃபோல்டர். இரண்டு ஆஸ்டெரிஸ்க், நடுவில் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ். அரை நாளில் அமைத்துவிடலாம், டெமோவில் அழகாக ஓடும். ஆனால் சாகக்கூடிய இடத்தை இது ஒழிக்கவில்லை, சர்வரிலிருந்து ஸ்டோரேஜுக்கு இடம் மாற்றியிருக்கிறது. ஸ்டோரேஜை இணைக்கும்போது ஹார்டு மவுண்ட் செய்திருந்தால், அது மூச்சு விடாத நேரத்தில் அந்த ஃபோல்டரைத் தொட்ட திரெட் (உள்ளே ஓடும் வேலை) எல்லாம் அப்படியே நிற்கும். சாஃப்ட் மவுண்ட் என்றால் நேரம் கடந்ததும் பிழை வரும், எழுதிக்கொண்டிருந்த ரெக்கார்டிங் பாதியில் போகும். இரண்டிலுமே என் கேள்விக்கு விடை 'எங்கும் போகவில்லை' என்பதுதான்.

பூட்டு விஷயம் இன்னும் நுட்பமானது. ஒரு மெயில்பாக்ஸில் எழுதும்போது ஆஸ்டெரிஸ்க் அந்த ஃபோல்டரில் ஒரு லாக் ஃபைல் வைக்கும். அடுத்து வருபவர் 5 நொடி காத்துப் பார்த்துவிட்டு, பூட்ட முடியவில்லை என்று பதிவேட்டில் (log) எழுதிவிட்டு விலகுவார். பூட்டு வைத்த சர்வர் அந்த நொடியில் செத்தால் லாக் ஃபைல் பொது ஸ்டோரேஜில் அநாதையாகக் கிடக்கும். யாராவது கையால் அழிக்கும்வரை அந்த ஒரு மெயில்பாக்ஸ் மட்டும் மெசேஜ் வாங்காது. மற்ற எல்லாம் ஓடுவதால் கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்குதான். புதிய பதிப்புகளில் வாய்ஸ்மெயில் மாட்யூல் ஏறும்போதே பழைய பூட்டுகளைத் துடைத்துவிடும். தனி சர்வருக்கு இது வரம். பொது ஸ்டோரேஜில், பக்கத்து சர்வர் இப்போதுதான் வைத்த பூட்டையும் சேர்த்துத் துடைத்துவிடக்கூடும்.

சாதுவான, பழங்கால வழி டிஆர்பிடியும் பேஸ்மேக்கரும். முன்னது டிஸ்க்கை நகலெடுக்கும், பின்னது எந்த சர்வர் ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். 2010-ல் வந்த 2.6.33 முதலே டிஆர்பிடி லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது. ஒரு டிஸ்க்கில் எழுதுவதை நெட்வொர்க் வழியாக இன்னொரு மெஷினின் டிஸ்க்கிலும் எழுதும். புரோட்டோகால் சி வைத்தால் இரண்டு டிஸ்க்கிலும் விழுந்த பிறகுதான் 'எழுதியாயிற்று' என்று சொல்லும். எந்த நேரத்திலும் ஒரே சர்வர்தான் உயிரோடு இருக்கும். அது விழுந்தால் இன்னொன்று டிஸ்க்கை மவுண்ட் செய்து, ஐபியை எடுத்துக்கொண்டு, ஆஸ்டெரிஸ்க்கைக் கிளப்பும். பேசிக்கொண்டிருந்த அழைப்புகள் அறுபடும், பதிவாகிக்கொண்டிருந்த மெசேஜ் போகும். ஆனால் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து வரும் அடுத்த அழைப்புக்கு எல்லாம் சரி.

இதன் அருமை அந்த 'எல்லாம்' என்ற சொல்லில் இருக்கிறது. ஸ்பூல் ஃபோல்டரோடு கான்ஃபிக் ஃபோல்டரையும், ரெஜிஸ்ட்ரேஷன் விவரம் இருக்கும் ஆஸ்ட்டிபியையும் (ஆஸ்டெரிஸ்க்கின் உள் டேட்டாபேஸ்) அதே டிஸ்க்கில் வைத்துவிட்டால் மெசேஜ், வாழ்த்து, பின், போன் பதிவு எல்லாம் ஒரே மூட்டையாக இடம் மாறும். இரண்டு சர்வர் ஒரே நேரத்தில் எழுதுவதில்லை என்பதால் பெயர் மாற்றச் சண்டையும் இல்லை. ஃபென்சிங் மட்டும் கட்டாயம், அதாவது சந்தேகத்துக்குரிய சர்வரை வலுக்கட்டாயமாக அணைத்துவிடும் ஏற்பாடு. நடுவில் உள்ள கேபிள் அறுந்து இரண்டும் 'நான்தான் உயிரோடு இருப்பவன்' என்று கிளம்பினால், இரு டிஸ்க்கிலும் வெவ்வேறு வரலாறு உருவாகும். பிறகு எந்தப் பக்க மெசேஜ்களைத் தூக்கிப் போடுவது என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். ஃபென்சிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அணைத்து வைப்பவர்கள் தனி சர்வரிலேயே இருக்கலாம், செலவாவது மிச்சம். இன்னொன்று: 'இந்த ஐபி இனி என்னிடம்' என்று ஏஆர்பி அறிவிப்பு செய்து ஐபியை இழுத்துக்கொள்ளும் உத்தி பொது கிளவுடுகளில் பெரும்பாலும் செல்லாது. இது ஒரே அறைக்குள், ஒரே சுவிட்சுக்குக் கீழ் வாழும் தீர்வு.

இரண்டு ஊரில் இரண்டு சர்வர், இரண்டும் வேலை செய்ய வேண்டும் என்றால் பேச்சு ஓடிபிசி (டேட்டாபேஸோடு பேசும் இணைப்பு) பக்கம் திரும்பும். மெசேஜ்கள் ஃபைலாக இல்லாமல் டேட்டாபேஸ் டேபிளில் ஒவ்வொரு வரிசையாக உட்காரும். ஆடியோவும் அதே வரிசையில் பிளாப் (பைனரி தரவு) ஆக இருக்கும். வாழ்த்துகூட மெசேஜ் எண் -1 என்று அதே டேபிளுக்குள் போகும். கீழே மூன்று நோடு (சர்வர்) கலேரா கிளஸ்டர், எல்லா நோடிலும் ஒரே தரவை வைத்திருக்கும் டேட்டாபேஸ் கூட்டம். மூன்று ஏன் என்றால், இரண்டு மட்டும் இருந்து தொடர்பு அறுந்தால் எதற்கும் பெரும்பான்மை இருக்காது, இரண்டுமே கதவைச் சாத்தும். மூன்றாவதற்கு முழு சர்வர் வேண்டாம், ஓட்டுப் போட மட்டும் ஓர் ஆர்பிட்ரேட்டர் போதும். அதை மூன்றாவது இடத்தில் வையுங்கள்.

காகிதத்தில் இதுதான் சிறந்தது. களத்தில் கல்லும் முள்ளும் இருக்கும். டேபிளில் ஒரு மெசேஜை அடையாளம் காட்டுவது ஃபோல்டரின் முழுப் பாதையும் மெசேஜ் எண்ணும். ஆக, டேபிளுக்கு வந்தும் பழைய வரிசை எண் போகவில்லை. இரு சர்வரிலும் ஸ்பூல் பாதை ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஒன்று எழுதியது மற்றதற்குத் தெரியாது. இரண்டும் ஒரே நொடியில் 204 என்ற மெயில்பாக்ஸுக்கு மெசேஜ் வாங்கினால், கடைசி எண் 6 என்று இரண்டும் பார்த்து, இரண்டும் 7 என்று எழுத வரும். எண்ணைப் பார்ப்பதும் எழுதுவதும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. மோதலில் சிக்கிய ரெக்கார்டிங்குக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இதற்கு மருந்து, ஒரு மெயில்பாக்ஸை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்புவது. முன்னால், அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் காமாயிலியோ நிற்கிறது என்றால் அதன் டிஸ்பாச்சரில் ஹேஷ் முறை (ஒரே மதிப்பை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் கணக்கு) இருக்கிறது. இங்கேயும் ஒரு பொறி. மெசேஜ் விட வருபவர் டயல் செய்வது 204. கேட்க வரும் 204 டயல் செய்வது, மெசேஜ் கேட்பதற்கான *97. டயல் செய்த எண்ணை வைத்து ஹேஷ் செய்தால் விடுவது ஒரு சர்வரில், கேட்பது வேறு சர்வரில் முடியும். மெயில்பாக்ஸ் எண்ணை ஒரு வேரியபிளில் எடுத்து, அதன்மேல் ஹேஷ் செய்யும் 7-ஆம் அல்காரிதத்தைப் பயன்படுத்துங்கள்.

ஆடியோ அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண வேவ் என்றால் நொடிக்கு 16,000 பைட், நிமிடத்துக்கு சுமார் 960 கேபி. மைஎஸ்க்யூஎல் 5.7-ல் ஒரு பாக்கெட்டின் உச்ச வரம்பு இயல்பாக 4 எம்பி. ஐந்து நிமிடம் புலம்பிவிட்டு வைத்த வாடிக்கையாளரின் மெசேஜ் அதைத் தாண்டிவிடும். சோதனையில் எல்லோரும் 'ஹலோ ஹலோ டெஸ்டிங்' என்று மூன்று நொடி பேசுவதால் இது அப்போது தெரியாது. 8.0-ல் வரம்பு 64 எம்பி. ஜிஎஸ்எம் வடிவமான வேவ்49-க்கு மாறினால் நிமிடத்துக்கு 100 கேபிக்குள் அடங்கும்.

சிவப்பு விளக்குக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மெசேஜ் வாங்கியது ஒரு சர்வர், போன் பதிவாகியிருப்பது இன்னொன்றில் என்றால் விளக்கு எரியாது. போலிங் போட்டால் 30 நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு மெயில்பாக்ஸையும் எட்டிப் பார்க்கும். 1000 மெயில்பாக்ஸ் என்றால் சும்மா இருக்கும்போதே நொடிக்கு 33 கேள்வியாவது டேட்டாபேஸுக்குப் போகும். கோரோசிங்க் மாட்யூல் வழியாகவோ பிஜேசிப் பப்ளிஷ் வழியாகவோ சர்வர்கள் தங்களுக்குள் நிலையைப் பரிமாறிக்கொள்ள விடுவது எனக்குப் பிடித்த வழி.

சரி, டேட்டாபேஸே பதில் சொல்லாவிட்டால்? இங்கேதான் என் கேள்வி திரும்ப வருகிறது. வாய்ஸ்மெயில் அப்ளிகேஷனை அழைக்கும் முன் டயல்பிளானில் (அழைப்பு எப்படிப் போக வேண்டும் என்ற கட்டளை வரிசை) ஒரு சின்ன கேள்வியை டேட்டாபேஸிடம் கேளுங்கள். தோற்றால் உள்ளூர் டிஸ்க்கில் வெறும் ரெக்கார்ட் செய்து, ஒரு ஸ்கிரிப்ட் மூலம் மெயிலில் அனுப்பிவிடுங்கள். பெர்சனல் வாழ்த்து இருக்காது, விளக்கு எரியாது. குரல் மிஞ்சும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தப் பத்து வரி டயல்பிளானை நான் விடமாட்டேன். பல இடங்களுக்கு முழு கிளஸ்டரை விட இது அதிக பயன் தரும் என்பது என் கட்சி.

மெசேஜை மின்னஞ்சல் சர்வரிலேயே வைக்கும் ஐமேப் சேமிப்பு ஒரு காலத்தில் கவர்ச்சியாக இருந்தது. மெசேஜ் நேராக மின்னஞ்சல் பெட்டியில் விழும், ஹை அவைலபிலிட்டியை (விழாமல் ஓடுவதை) மெயில் சர்வர் பார்த்துக்கொள்ளும். இன்று புதிதாக யாருக்கும் சொல்லமாட்டேன். ஆஸ்டெரிஸ்க் நம்பியிருப்பது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பழைய சி-கிளையன்ட் லைப்ரரியை. பிஎச்பி 8.4 அதே லைப்ரரியைச் சார்ந்த ஐமேப் எக்ஸ்டென்ஷனை 2024-ல் வெளியே எடுத்துவிட்டது. மறுமுனையில் மெயில் சர்வரான டவ்காட் 2.4, இரு சர்வர்களுக்கிடையே நகலெடுக்கும் ரெப்ளிகேட்டரையே 2025-ல் நீக்கிவிட்டது. தவிர, தனியாக ஆன் செய்யாவிட்டால் வாழ்த்துகள் ஐமேப்புக்குப் போகாமல் உள்ளூர் டிஸ்க்கிலேயே தங்கும்.

ஆஸ்டெரிஸ்க்கை விட்டு வெளியே பார்த்தால், இன்னொரு திறமூல போன் மென்பொருளான ஃப்ரீஸ்விட்ச், ஃபைல் பெயரில் யுயுஐடி (திரும்ப வராத அடையாள எண்) வைப்பதால் எண் சண்டையே கிடையாது. ஆனால் விவரம் டேட்டாபேஸிலும் ஆடியோ டிஸ்க்கிலும் பிரிந்து கிடக்கும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகலானால் பட்டியலில் மெசேஜ் இருக்கும், ஒலி இருக்காது. சிஸ்கோ யூனிட்டி கனெக்ஷன் இந்த வேலைக்காகவே செய்த ஜோடி. பப்ளிஷர், சப்ஸ்கிரைபர் என்ற அதன் இரு சர்வரும் அழைப்பு எடுக்கும். தொடர்பு அறுந்தால் இரண்டுமே பிரைமரி ஆகி மெசேஜ் வாங்கும், தொடர்பு திரும்பியதும் ஸ்ப்ளிட் பிரெய்ன் ரெக்கவரி ஓடி இரண்டையும் சேர்க்கும். முதலில் வாங்கு, பிறகு சேர்த்துக்கொள் என்ற இந்தத் தீர்மானம்தான் சரி என்று நினைக்கிறேன். ஏற்கெனவே சிஸ்கோ கால் மேனேஜர் இருக்கும் இடத்தில் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். இல்லாத இடத்தில் இதற்காக மட்டும் லைசென்ஸ் வாங்குவது கட்டுப்படியாகாது.

சில நூறு எக்ஸ்டென்ஷன், ஒரே கட்டடம் என்றால் என் ஓட்டு டிஆர்பிடிக்கு. இரண்டு ஊர், கூடவே டேட்டாபேஸ் தெரிந்த ஒருவர் சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்றால் கலேரா. அந்த ஒருவர் இல்லையென்றால் கலேராவைத் தொடாதீர்கள்.

பின் நம்பரை மறந்துவிட வேண்டாம். யூசர் பின் மாற்றினால் ஆஸ்டெரிஸ்க் இயல்பாக அந்த சர்வரின் கான்ஃபிக் ஃபைலைத்தான் திருத்தி எழுதும். அதை ஸ்பூல் ஃபோல்டருக்கோ ரியல்டைம் டேபிளுக்கோ (கான்ஃபிக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸ் டேபிள்) மாற்றாவிட்டால், இரண்டாவது சர்வர் பழைய பின்னைத்தான் கேட்கும். சோதிக்கும்போது ஷட்டவுன் கமாண்ட் கொடுக்காதீர்கள், அது மரியாதையான சாவு. ஒருவர் மெசேஜ் விட்டுக்கொண்டிருக்கும்போதே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். மாறிய பிறகு மெசேஜ், வாழ்த்து, பின், விளக்கு நான்கையும் பாருங்கள். பிறகு கேபிளைத் திரும்பச் செருகி இன்னொருமுறை நான்கையும் பாருங்கள். பழைய சர்வர் எழுந்ததும் வேலை தானாக அதற்குத் திரும்பாதபடி பேஸ்மேக்கரில் ஸ்டிக்கினஸை (இருக்கும் இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும் அளவு) உயர்த்தி வையுங்கள். அந்த மாற்றத்தை ஆள் குறைந்த நேரத்தில் நீங்களே கையால் செய்யலாம்.