மால் பேஸ்மென்ட்டில் சார்ஜ் போட்டால் ஒரு யூனிட் உண்மையில் என்ன விலை?

சென்னையில் மால், ஆஸ்பத்திரி, ஆபீஸ் வளாகம் என்று மின்சாரக் கார்களுக்கான பேஸ்மென்ட் சார்ஜர்களை நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு உறுதியாகச் சொல்ல முடிவது இதுதான்: ஆப்பில் காட்டும் யூனிட் விலையை மட்டும் வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். பார்க்கிங் காசையும் யூனிட்டுக்கு வகுத்துக் கூட்டிப் பாருங்கள். மலிவு என்று நினைத்த, மெதுவாக ஏற்றும் ஏசி சார்ஜர், சில வண்டிகளுக்கு வேகமாக ஏற்றும் டிசி சார்ஜரை விட அதிகமாகவே வரும்.

மின்சாரத்துக்கு யூனிட் கணக்கு, பார்க்கிங்குக்கு மணிக் கணக்கு. ஒரு மணி நேரத்தில் வண்டி எத்தனை யூனிட் இழுக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் பார்க்கிங்கின் சுமை. சார்ஜர் மேல் 7.4 கிலோவாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. ஏசியில் வேகத்தை முடிவு செய்வது, அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்ற வண்டிக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அது 3.3 கிலோவாட் என்றால் எந்தக் கம்பத்தில் செருகினாலும் 3.3தான், அதாவது மணிக்கு 3.3 யூனிட்.

உதாரணத்துக்குப் பார்க்கிங் முதல் மணிக்கு 50 ரூபாய், அடுத்த ஒவ்வொரு மணிக்கும் 30 என்று வைத்துக்கொள்வோம். ஏசி யூனிட் 15, டிசி யூனிட் 22. இரண்டுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு; ஆப்பில் பெரிய எழுத்தில் தெரியும் விலையில் பல சமயம் அது சேர்ந்திருக்காது. சேர்த்தால் ஏசி 17.70, டிசி 25.96. உங்கள் இடத்து விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்யலாம்.

முதலில் எம்ஜி காமெட் கார், 17.3 யூனிட் பேட்டரி, 3.3 கிலோவாட் வகை. இந்த வண்டியில் டிசி வசதியே கிடையாது. 10லிருந்து 80 சதவீதம் ஏற பேட்டரிக்குள் 12 யூனிட் போக வேண்டும். ஏசியை டிசியாக மாற்றும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும் என்பதால் பில் 13.3 யூனிட்டுக்கு வரும். நாலு மணி நேரம் தாண்டும், ஆகவே ஐந்து மணிக்கான பார்க்கிங், 170 ரூபாய். யூனிட்டுக்குப் பார்க்கிங் மட்டுமே 12.80. மொத்தம் யூனிட் 30.50 ரூபாய்.

40.5 யூனிட் பேட்டரி நெக்ஸான் இவி, டிசியில் 10லிருந்து 80 வரை, 56 நிமிடம் என்பது கம்பெனி சொல்லும் நேரம். சுமார் 29 யூனிட். முதல் மணிக்குள் முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பார்க்கிங் கடிகாரம் நுழைவுத் தடுப்பில் டோக்கன் எடுத்த நொடியிலேயே ஓடத் தொடங்குகிறது. இரண்டு தளம் இறங்கி, இடம் தேடி, ஆப் திறந்து, வெளியேறும் வரிசையில் நின்றால் இரண்டாவது மணி தொட்டுவிடும். 80 ரூபாய், யூனிட்டுக்கு 2.75. மொத்தம் 28.70. அதே வண்டி 7.2 கிலோவாட் ஏசியில் நின்றால் நாலரை மணி நேரம், 170 ரூபாய், ஆனால் பில் 31 யூனிட்டுக்கு மேல் வரும். மொத்தம் யூனிட் 23 ரூபாய்தான். ஆக, ஏசி வீண் இல்லை. 3.3 கிலோவாட் வண்டிக்கு, காசு கொடுத்து நிறுத்தும் இடத்தில் ஏசி வீண்.

சினிமாவுக்கோ கடைக்கோ எப்படியும் போகிறோம் என்றால் கணக்கே வேறு. அந்தப் பார்க்கிங் எப்படியும் கொடுக்க வேண்டியது. மூன்று மணி நேரப் படத்தில் 7.2 கிலோவாட்டில் 21 யூனிட் ஏறிவிடும். சார்ஜுக்காகவே மாலுக்குப் போவதுதான் நஷ்டம்.

டிசியில் பார்க்கிங்கை ஏற்றிவிடும் விஷயங்கள் சில உண்டு. முதலாவது, இரட்டைக் கன் (வண்டியில் செருகும் கைப்பிடி) சார்ஜர். 60 கிலோவாட் பெட்டியில் பக்கத்துக் கன்னில் இன்னொரு வண்டி செருகினால், பல சார்ஜர்கள் 30, 30 என்று பிரித்துவிடும். திரையைப் பாருங்கள்: 330 வோல்ட், 150 ஆம்பியர் என்றால் 50 கிலோவாட்டுக்குக் கிட்ட. ஆம்பியர் திடீரென 90க்கு இறங்கினால் பக்கத்தில் யாரோ செருகியிருக்கிறார்கள், அல்லது பேட்டரி சூடேறி வண்டியே குறைத்துக் கேட்கிறது. மே மாத மதியம் வெளிச்சுற்றுச் சாலையில் விரட்டி ஓட்டிவிட்டு நேராகக் காற்றோட்டமில்லாத பேஸ்மென்ட்டில் செருகினால் இரண்டாவது காரணம் அடிக்கடி வரும். அடுத்தது 80 சதவீதத்துக்கு மேல் போவது. அங்கிருந்து வேகம் படிப்படியாக விழும். கடைசி 20 சதவீதத்துக்காக இன்னொரு மணிப் பார்க்கிங் கொடுப்பதில் பயனில்லை. சில நிறுவனங்கள் சார்ஜ் முடிந்தும் கன்னைக் கழற்றாவிட்டால் நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம் வேறு பிடிக்கும். அது நியாயம்தான், அடுத்தவர் காத்திருக்கிறார்.

பேஸ்மென்ட்டில் பெரிய தொல்லை நெட்வொர்க். இரண்டாவது தளத்துக்குக் கீழே ஓடிபி வராது, க்யூஆர் ஸ்கேன் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்க்கிங் நேரமும் ஓடும். மேலேயே ஆப்பைத் திறந்து லாகின் செய்து, வாலட்டில் பணம் போட்டுவிட்டு இறங்குங்கள். பாதியில் இருப்பு தீர்ந்தால் சார்ஜ் நின்றுவிடும். நீங்கள் மேலே கடையில் இருப்பீர்கள், தகவலும் வராது. சார்ஜரில் காட்டினாலே தொடங்கும் ஆர்எஃப்ஐடி அட்டை தரும் நிறுவனம் என்றால் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, போனில் சிக்னல் தேவைப்படாது. சார்ஜர் தொடங்கவே இல்லையா? எதற்கும் முன்னால் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். யாரோ அழுத்தி விட்டுப் போயிருப்பார்கள். அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினால் வெளியே வரும்.

சார்ஜ் போடும் நேரத்துக்குப் பார்க்கிங் தள்ளுபடி கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. செக்யூரிட்டியிடம் வாதாடிப் பயனில்லை. சார்ஜர் ஒரு கம்பெனி, கட்டடம் இன்னொருவர், பார்க்கிங் வசூல் மூன்றாவது ஒப்பந்தக்காரர். சார்ஜ் பில் வசூல் கவுண்டரின் கணினிக்குத் தெரியாது. இது மாற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மீட்டர் ஓடும் நேரம் வரை பார்க்கிங்கை விட்டுக்கொடுத்து, அதன் பிறகு கூடுதலாகவே வாங்கட்டும். இடமும் சீக்கிரம் காலியாகும். அதுவரை சூப்பர் மார்க்கெட் பில்லுக்குப் பார்க்கிங் தள்ளுபடி சீல் போடும் மாலாகப் பார்த்து, வாரச் சாமானோடு சேர்த்துப் போவதே வழி.

நேரம் என்றால் வார நாள், காலை 10லிருந்து மதியம் 4 வரை. சனி, ஞாயிறு பார்க்கிங் விலை பல மால்களில் கூடுதல். சார்ஜர் முன்னால் பெட்ரோல் வண்டி நிற்கும் வாய்ப்பும் அதிகம். மத்திய மின்துறையின் 2024 வழிகாட்டுதல் காலை 9 முதல் 4 வரை சார்ஜிங் நிலையங்களுக்கான மின்சாரத்தைக் குறைந்த விலையில் தரச் சொல்கிறது. இதை ஒட்டி நேரத்துக்கு நேரம் விலை மாற்றும் ஆப்கள் இருக்கின்றன, செருகும் முன் பார்த்துவிடுங்கள்.

3.3 கிலோவாட் வண்டிக்காரர்கள் வீட்டில் 15 ஆம்பியர் பாயின்ட் போட்டுக்கொள்வதே முதல் வேலை. அது முடியாத அப்பார்ட்மென்ட்டில் இருப்பவர், டிசி வசதியுள்ள வண்டி என்றால், பெட்ரோல் பங்க் சார்ஜரைத் தேடுங்கள். அங்கே பார்க்கிங் காசு இல்லை. ஆனால் கிளம்பும் முன் கடைசியாக எப்போது அங்கே சார்ஜ் ஆனது என்று ஆப்பில் பாருங்கள். ரெண்டு நாளாக யாருமே போடவில்லை என்றால் அது பழுதாக இருக்கலாம்.