ஈறு ஒட்டு அறுவை சிகிச்சை: எந்த முறைக்கு ஏன் அந்தச் செலவு?

ஒரே வாயைப் பார்த்துவிட்டு இரண்டு பல் மருத்துவர்கள் எழுதித் தரும் செலவு மதிப்பீடுகள், ஈறு இறங்கிய இடத்தைத் திசுவால் சரிசெய்யும் ஈறு ஒட்டு சிகிச்சையைப் பொறுத்தவரை, ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடலாம். ஒருவர் கூடுதலாகப் பிடுங்கப் பார்க்கிறார் என்றோ மற்றவர் தரம் குறைந்தவர் என்றோ முடிவுகட்டுவதற்கு முன்னால், இரண்டு தாள்களும் ஒரே சிகிச்சைக்குத்தான் விலை சொல்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். பல நேரங்களில் அப்படி இருப்பதில்லை. 'ஈறு ஒட்டு' என்று ஒற்றை வரியில் எழுதியிருக்கும் இடத்துக்குப் பின்னால் நான்கைந்து வெவ்வேறு அறுவை முறைகள் இருக்கின்றன. திசு எங்கிருந்து வருகிறது, எத்தனை இடத்தில் கத்தி படுகிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எது மிஞ்சி வீணாகிறது என்பதெல்லாம் முறைக்கு முறை மாறும். ஆகவே தொகையைத் தொகையோடு ஒப்பிடாமல், முறையை முறையோடு ஒப்பிடுவதே சரியான வழி.

அதற்கும் முன்னால் நோக்கம் தெளிவாக வேண்டும். ஈறு இறங்கிய இடத்தில் மருத்துவர் செய்ய நினைப்பது பொதுவாக இரண்டில் ஒன்று. வெளியே தெரியும் பல் வேரை மீண்டும் ஈறால் மூடுவது முதலாவது. சிரிக்கும்போது நீண்டு தெரியும் பற்களுக்கும், குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்று கூசும் வேர்களுக்கும் இது வேண்டியிருக்கிறது. பல்லைச் சுற்றி உறுதியான, அசையாத ஈறு போதிய அகலத்துக்கு இல்லாத இடத்தில் அதை உருவாக்கி, இறக்கம் மேலும் கூடாமல் தடுப்பது இரண்டாவது. கீழ் முன்பற்களில் இந்த இரண்டாவது நிலையைக் கண்ணாலேயே காணலாம்: கீழுதட்டை மெல்ல முன்னால் இழுத்தால் பல்லை ஒட்டிய ஈறின் விளிம்பும் கூடவே இழுபடும், பிரஷ் அங்கே பட்டாலே வலிப்பதால் நோயாளி அந்த இடத்தைத் துலக்காமல் விட்டிருப்பார், அதனால் பல்லில் கெட்டிப்படும் அழுக்கான காரையும் படிந்திருக்கும். உறுதியான ஈறு 2 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்ட இடங்களைத்தான் மருத்துவர்கள் கவலையோடு பார்க்கிறார்கள். இந்த இரு நோக்கங்களுக்கும் ஏற்ற முறைகள் வேறு என்பதால் செலவும் வேறாகிறது.

இரண்டாவது நோக்கத்துக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வருவது, மேலண்ணத்தின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய பட்டையாகத் திசுவைச் சீவி எடுத்து, ஈறு குறைந்த இடத்தில் நேரடியாகத் தைக்கும் முறை. 1960களிலிருந்தே வழக்கில் உள்ள இதற்கு வெளியிலிருந்து எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை. அறுவையும் ஒப்பீட்டளவில் எளிது. அதனால் விலைப்பட்டியலில் இது பெரும்பாலும் கீழ்த்தட்டிலேயே இருக்கும். ஆனால் இதற்கு வேறு வகையில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. சீவிய இடம் திறந்த புண்ணாக இருப்பதால் முழுமையாக ஆற இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகும். சூடும் காரமும் படும்போதெல்லாம் எரியும். ஒட்டிய திசு ஆறும்போது கணிசமாகச் சுருங்கும். அண்ணத்தின் வெளிறிய நிறமே அங்கேயும் நிலைத்து, பக்கத்து ஈறுக்கு நடுவில் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். கீழ் உதட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் பல்லுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சிரித்தால் தெரியும் மேற்பற்களுக்கு இதே முறையை, விலை குறைவு என்பதற்காக மட்டும், யாராவது முன்வைத்தால் நான் தயங்கித்தான் யோசிப்பேன்.

வேரை மூடுவதற்கு மிகுந்த நம்பகத்தன்மை உடையதாக ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருவது, அண்ணத்தின் உள்ளடுக்கில் இருந்து இணைப்புத் திசுவை எடுக்கும் முறை. 1985இல் விரிவாக எழுதப்பட்ட பிறகு பரவிய இந்த முறையில், கடைவாய்க்கு முந்திய பற்களை ஒட்டிய அண்ணத்தில் மருத்துவர் ஒரு கீறல் போட்டு, மேல்தோலை மூடிபோலப் பிரித்து, அதன் அடியிலிருந்து சுமார் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள திசுவை எடுத்துக்கொண்டு, மேல்தோலைத் திரும்ப மூடித் தைத்துவிடுகிறார். எடுத்த திசுவை வேரின்மீது வைத்து, அதன்மேல் அங்குள்ள ஈறையே இழுத்து மூடி நுண்ணிய இழையால் தைக்கிறார். அண்ணத்தில் ஓடும் தமனியைத் தொடாமல் எடுக்க வேண்டும். மூடிய தோல் மிக மெல்லியதாகிவிட்டால் அது பட்டுப்போகும். தடித்துவிட்டால் எடுக்கும் திசு குறைந்துவிடும். இந்த நுணுக்கத்துக்கும், இரண்டு இடங்களில் செய்யும் வேலைக்கும், அதற்கு ஆகும் நேரத்துக்கும்தான் இங்கே கட்டணம் கூடுகிறது. பொருளுக்கு என்று தனிச் செலவு எதுவும் இல்லை.

மூன்றாவது வழியில் அண்ணத்தைத் தொடவே வேண்டியதில்லை. திசு புட்டியிலோ உறையிலோ வருகிறது. மனித தானத் தோலிலிருந்து உயிரணுக்களை நீக்கிப் பதப்படுத்திய படலம் ஒன்று. அலோடெர்ம் இந்த வகையில் பெயர் பெற்றது. பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தால் ஆன, மியூகோகிராஃப்ட் போன்ற தகடுகள் இன்னொன்று. செலவுக் கணக்கு இங்கே தலைகீழாகிறது. மருத்துவரின் நேரம் குறைகிறது, புண் ஒரே இடத்தில்தான், வலியும் குறைவு. ஆனால் பொருளின் விலை முழுவதும் நோயாளியின் தலையில் விழுகிறது. இவை குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே கிடைக்கின்றன. உறையைப் பிரித்தபின் மிஞ்சியதை வேறொருவருக்குப் பயன்படுத்த முடியாது. அதனால் ஒரே ஒரு பல்லுக்கு இந்தப் படலத்தை வாங்குவது, அரைச் சட்டைத் துணிக்கு முழுப் பீஸையும் வாங்குவதைப் போன்றது. அடுத்தடுத்துள்ள நான்கைந்து பற்களை ஒரே அமர்வில் மூடுவதாக இருந்தால் இதே படலம் நியாயமான செலவாகிவிடும். ஏனென்றால் அத்தனை பற்களுக்கும் போதுமான திசுவை அண்ணத்திலிருந்து ஒரே தடவையில் எடுப்பது கடினம், இரண்டு அமர்வாகப் பிரித்தால் கட்டணமும் புண்ணும் இரட்டிப்பாகும்.

விலை கூடுதல் என்பதாலேயே பலனும் கூடுதல் என்று இங்கே எண்ணிவிடக் கூடாது. வேரை மூடும் அளவிலும், ஈறு தடிக்கும் அளவிலும், ஆண்டுகள் கடந்தும் நிலைப்பதிலும் நோயாளியின் சொந்த இணைப்புத் திசுவே முந்தி நிற்கிறது. வாங்கிய படலம் வாங்கித் தருவது அண்ணத்தில் புண் இல்லாத வசதியையும், வேண்டிய அளவு திசு கிடைக்கும் உறுதியையும்தான். அண்ணத் திசு மெலிந்திருப்பவருக்கும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை உட்கொள்பவருக்கும், வலிக்கு மிகவும் அஞ்சுபவருக்கும் அந்த வசதி உண்மையிலேயே மதிப்புடையது. மனிதத் தோலோ பன்றித் திசுவோ தமது உடலில் வைக்கப்படுவதைச் சமயம் சார்ந்தோ மனம் சார்ந்தோ ஏற்காதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பொருள் எதிலிருந்து வருகிறது என்று கேட்பது நோயாளியின் உரிமை, அதற்கு நேரான பதில் தருவது மருத்துவரின் கடமை.

ஊசித்துளை முறை என்று விளம்பரமாகும் சிகிச்சை இந்த மூன்றாம் வழிக்கு நெருங்கிய உறவு. ஜான் சாவ் என்ற மருத்துவர் 2012இல் ஆய்விதழில் வெளியிட்ட இந்த முறையில், ஈறுக்கு மேலே சிறு துளையிட்டு, வளைந்த கருவியால் ஈறை உட்புறமாகத் தளர்த்தி, வேர்களின்மேல் சரியவிட்டு, துளை வழியாகக் கொலாஜன் துண்டுகளைச் செருகுகிறார்கள். தையல் இல்லை, ஒரே அமர்வில் பல பற்கள். இதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் தேவை; அந்தப் பயிற்சிக்கும் கருவிகளுக்கும் அவர்கள் செலவிட்டது கட்டணத்தில் எதிரொலிக்கும். பல பற்களில் இறக்கம் இருந்து ஈறும் தடிப்பாக இருப்பவருக்கு இது பொருந்தலாம். ஈறே மெல்லியதாக, உறுதியான பகுதி குறைந்ததாக இருப்பவருக்கு, நகர்த்துவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்ற கேள்வி எழும். இணைப்புத் திசு முறைக்கு இருக்கும் நீண்டகால ஆய்வுகளின் குவியல் இதற்கு இன்னும் இல்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பக்கத்துப் பல்லின் ஈறு தாராளமாக இருந்தால் அதையே ஒரு முனை ஒட்டியபடி நகர்த்தி மூடலாம். 1956இலேயே எழுதப்பட்ட இந்த முறை, தகுந்த இடம் வாய்த்தால் செலவிலும் வேதனையிலும் சிக்கனமானது. தகுந்த இடம்தான் எளிதில் வாய்ப்பதில்லை.

மதிப்பீட்டில் தனி வரிகளாக வரும் இரண்டு சேர்க்கைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பன்றிக் குட்டியின் வளரும் பற்களிலிருந்து எடுத்த எனாமல் புரதக் கூழ்மம், எம்டோகெயின் என்ற பெயரில் அறியப்படுவது, விலை மிகுந்தது. ஈறை இழுத்து மூடுவது மட்டும் செய்யும்போது அதனோடு சேர்த்தால் பலன் கூடுகிறது, ஆனால் இணைப்புத் திசுவும் வைக்கும்போது அது கூட்டித் தருவது சொற்பம். நோயாளியின் இரத்தத்தையே சுழற்றிப் பிரித்து எடுக்கும் ஃபைப்ரின் (இரத்தத்தை உறையவைக்கும் புரதம்) படலத்துக்கு ஆகும் செலவு குறைவு; அண்ணப் புண்ணின்மேல் வைத்தால் வலி தணிய உதவுகிறது, வேரை மூடுவதில் இணைப்புத் திசுவுக்கு அது ஈடாகாது. இவற்றில் எதை எழுதியிருந்தாலும், எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

செய்பவர் யார் என்பதும் தொகையை மாற்றும். ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவரின் கட்டணம் பொதுப் பல் மருத்துவரின் கட்டணத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். கீழ்ப்பல் ஒன்றுக்கு எளிய ஒட்டு என்றால், அதைப் பழக்கமாகச் செய்துவரும் பொதுப் பல் மருத்துவரிடம் போவதில் தவறில்லை. சிரிப்பில் தெரியும் பற்களுக்கும், பல பற்களுக்கும், முன்பு செய்து தோற்ற இடத்துக்கும் சிறப்பு மருத்துவரின் கூடுதல் கட்டணத்தைக் கொடுப்பதே என் மனதுக்குச் சரியாகப் படுகிறது. அறுத்துத் தழும்பான ஈறில் இரண்டாம் முறை செய்வது முதல் முறையைவிடக் கடினம். பல் மருத்துவக் கல்லூரிகளில் மேற்பார்வையோடு முதுநிலை மாணவர்கள் செய்யும் சிகிச்சை, நேரம் கூடுதலாக ஆனாலும், பணத்தில் பெருமளவு குறையும். மயக்க மருந்தைப் பொறுத்தவரை, பெரும்பாலோருக்கு மரத்துப்போகும் ஊசியே போதும். இரத்தக் குழாய்வழி மயக்கம் வேண்டுமென்றால் மருந்து, கண்காணிப்புக் கருவி, அதற்குரிய ஆள் என்று தனிக் கணக்கு சேரும்.

எந்த முறையானாலும், ஈறு இறங்கியதற்கான காரணத்தை அப்படியே விட்டுவிட்டு ஒட்டுப்போட்டால் போட்ட பணம் கரைந்துவிடும். அழுத்தித் துலக்குவது, வரிசையிலிருந்து வெளியே தள்ளிய பல், உதட்டின் தசைநார் இழுப்பது, காரை படிந்து ஏற்பட்ட ஈறு நோய் ஆகியவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். காரையை அகற்றும் ஸ்கேலிங்குக்கும் எக்ஸ்ரேக்கும் ஆகும் செலவு அதனால்தான் முன்னதாக வருகிறது. புகைப்பவர்களுக்கு வேர் மூடப்படும் அளவு குறைகிறது என்பது தெளிவாக அறியப்பட்டது. நிறுத்த முடியாதவர் விலை உயர்ந்த முறையைத் தேர்ந்தெடுப்பதால் அந்தக் குறை தீராது.

அறுவையே வேண்டாம் என்ற வாய்ப்பையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்தாக வேண்டும். இறக்கம் சிறிதாக, ஆண்டுக்கணக்கில் கூடாமல், கூச்சமும் இல்லாமல் இருந்தால், அளந்து குறித்துவைத்து அவ்வப்போது பார்த்துவருவதே போதுமானதாக இருக்கலாம். கூச்சம் மட்டும் இருந்தால் ஃபுளோரைடு பூச்சும் அதற்கென உள்ள பற்பசையும் முதலில் முயலத் தக்கவை. வேரில் பள்ளம் விழுந்திருந்தால் பல்நிற அடைப்பு வைக்கலாம். அது மலிவு, ஆனால் ஈறைத் திரும்பக் கொண்டுவராது, பின்னால் ஒட்டு வைக்க நினைத்தால் அந்த அடைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டியும் வரும்.

இத்தனைக்கும் மேலாக, கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை இறக்கத்தின் வகையே தீர்மானிக்கிறது. ஈறு இறக்கத்துக்கு 1985இல் மில்லர் என்ற மருத்துவர் வகுத்த நான்கு பிரிவுகளும், 2011இல் கய்ரோ என்ற ஆய்வாளரும் சகாக்களும் வகுத்த மூன்று பிரிவுகளும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைந்தவை: இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள ஈறும் எலும்பும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன? அவை குறையாமல் இருந்தால் வேர் முழுவதும் மூடப்படும் என்று எதிர்பார்க்கலாம். முன்புறத்தைவிட நடுவில் இழப்பு அதிகமாகிவிட்டால், எந்த முறையாலும் எந்த விலைக்கும் முழுதாக மூட முடியாது. இந்தப் பிரிவையும், பல் வாரியாக மில்லிமீட்டர் அளவையும், திசு எதிலிருந்து வருகிறது என்பதையும், ஒட்டுப் பிடிக்காமல் போனால் மறுபடி செய்வதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். காப்பீடு இருப்பவர்களுக்கு இதே அளவுகள் இன்னொரு வகையிலும் உதவும்: அழகுக்காகச் செய்வதை ஏற்காத காப்பீட்டு நிறுவனம், உறுதியான ஈறு குறைந்து இறக்கம் கூடிவருவதை அளவுகளோடும் படங்களோடும் காட்டினால் ஏற்க வாய்ப்புண்டு, அந்த ஒப்புதலை எழுத்தில் பெற்றபிறகு அறுவைக்கு நாள் குறிப்பதே பாதுகாப்பானது.