மூன்று கிளட்ச் கேபிள், தினமும் ஒரு பாலம்

2023 செப்டம்பரில் ஒரு மாலை. மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வாசலைத் தாண்டி முதல் சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன். முதல் கியரில் வண்டி, இடக்கையில் கிளட்ச். பச்சை விழுவதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். லீவர் பிடிமானமே இல்லாமல் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. கிளட்ச் கேபிள், அதாவது லீவரின் இழுப்பை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் கம்பி, அறுந்துவிட்டது. வண்டி ஒரு துள்ளு துள்ளி, முன்னால் நின்ற காருக்கு ஒரு சாண் தள்ளி அணைந்தது. காரில் இருந்தவர் கண்ணாடியில் என்னை முறைத்தார். முறைக்கட்டும், அவருடைய பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீடு கடலுக்கு மறுகரையில், பிறை என்ற ஊரில். நடுவில் பினாங்குப் பாலம், 13.5 கிலோமீட்டர். வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலம் ஏற முடியுமா? ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் யோசித்தேன். நியூட்ரலில் எஞ்சினை இயக்கி, இரண்டு காலாலும் தரையை உந்தி வண்டியை ஓடவிட்டு, முதல் கியரைத் தட்டினேன். முதுகில் மாடு முட்டியதுபோல் ஓர் உலுக்கல், அவ்வளவுதான். அதற்கு மேல் கியர் ஏற்றுவது சிரமமில்லை: ஆக்சிலேட்டரை ஒரு நொடி விட்டுவிட்டுக் காலால் தூக்கினால் கியர் தானாக விழும். பாலத்தின் மோட்டார் சைக்கிள் தடத்தில் நான்காவது கியரில் ஏறியவன் மறுகரை வரை கியரைத் தொடவில்லை. பாலத்துக்குக் கிளட்ச் வேண்டியதில்லை. அதன் இரண்டு முனைகளுக்குத்தான் வேண்டும். பிறையில் இறங்கியதும் வந்த இரண்டு விளக்குகளிலும், வண்டி உருளும்போதே நியூட்ரலைத் தேடிப் பிடித்து நின்று, மறுபடி காலால் உந்திக் கிளம்பினேன். வீடு சேர்ந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. அன்று மழையில்லை. இதை யாரும் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். நெரிசலில் செய்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வண்டி 150 சிசி, கையால் கிளட்ச் பிடிக்கும் ஐந்து கியர் கப்சாய் வகை, இங்கே சின்ன மோட்டார் சைக்கிளை அப்படித்தான் சொல்வோம். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, கேபிள் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரிதான் அறுகிறது. 2021 அக்டோபரில் புதிதாக வாங்கினேன். போக வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், மாதம் 1,200. பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரி 1 முதல் கட்டணம் கிடையாது என்பதால் காரை வீட்டில் விட்டு இதில்தான் போகிறேன். இன்று மீட்டரில் 58,700. அந்தத் தூரத்துக்குள் மூன்று கேபிள்கள் பார்த்துவிட்டேன். முதலாவது அறுந்தது 27,400இல். இரண்டாவதை 36,100இல் கழற்றினேன். மூன்றாவது இன்னும் வண்டியில் இருக்கிறது.

முதல் கேபிள் முன்னறிவிப்பு இல்லாமல் போனது என்றுதான் அப்போது எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். மூன்று மாதமாக அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது, எனக்குக் கேட்கவில்லை. லீவர் கனமானது. இழுக்கும்போது மணலில் கயிறு இழுப்பதுபோல் ஒரு நறநறப்பு. லீவர் பக்கத்துத் திருகை வாரம் ஒருமுறை வெளியே திருப்பி ஆட்டத்தை, அதாவது கம்பி இறுகுமுன் லீவர் சும்மா நகரும் தூரத்தை, குறைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் திருக மரையே மிச்சமில்லை. இழை இழையாக அறுந்துகொண்டிருந்த கம்பி நீண்டுகொண்டே போனதைத் திருகு மூடி மறைத்தது. நானும் அதற்குத் துணைபோனேன்.

இங்கே ஒரு விஷயம், பட்டறையில் யாரும் எனக்குச் சொல்லாதது. லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் வெற்றாட்டம் இருக்க வேண்டும் என்கிறது என் வண்டியின் கையேடு. நாளாக நாளாக அந்த ஆட்டம் கூடினால் கேபிளைச் சந்தேகிக்கலாம். கம்பி நீள்கிறது, அல்லது கம்பியைச் சுற்றியுள்ள வெளியுறை நசுங்குகிறது. ஆட்டம் தானாகக் குறைந்துகொண்டே வந்தால் கதை வேறு: பெரும்பாலான வண்டிகளில் அது, எஞ்சினையும் கியரையும் சேர்த்துப் பிரிக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்வதன் அடையாளம். ஆட்டமே இல்லாமல் இழுத்துக் கட்டினால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கி, தட்டு கருகும். தளர விட்டால் முழுதாக விலகாமல் கியர் 'கடக்' என்று விழும், நின்ற இடத்தில் நியூட்ரல் அகப்படாது. எனக்கு அந்தக் கடைசி மாதத்தில் நியூட்ரல் அகப்படவே இல்லை. எஞ்சின் எண்ணெயைக் குறை சொல்லி, தவணைக்கு முன்பே மாற்றிப் பணத்தை வீணாக்கினேன்.

இரண்டாவது கேபிள் 12 வெள்ளி (ரிங்கிட்), கூலி 10. வீட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பட்டறை திறந்திருந்ததோ அங்கே போட்டது. பெட்டியில் பெயர்கூட இல்லை. நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது. 2024 ஜனவரி 24, தைப்பூசத்துக்கு முதல் நாள், வெள்ளி இரதம் தண்ணீர்மலைக்குப் போகும் நாள். அக்காள் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பந்தலில் வேலை, அவர்களுக்குச் சாமான் கொண்டுபோனேன். ஜார்ஜ்டவுனில் அந்த இரவின் நெரிசல் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. ஒரு மணி நேரத்தில் இடக்கை கட்டைவிரல் அடிப்பக்கம் இழுத்துக்கொண்டது. வண்டியை ஓரங்கட்டி, பந்தலில் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு கையைத் தேய்த்தபடி அந்தப் பன்னிரண்டு வெள்ளிக் கேபிளைத் திட்டினேன். மலிவுச் சாமான், சொத்தைச் சாமான் என்று அடுத்த இரண்டு மாதமும் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஏப்ரலில் லீவர் முனையைத் துடைக்கும்போது விரலில் ஊசி குத்தியது. ஊசி இல்லை, அறுந்து மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பி இழை. நிப்பிளுக்கு, அதாவது கம்பியின் நுனியில் லீவருக்குள் உட்காரும் அந்த உலோகக் குண்டுக்கு, ஒரு சென்டிமீட்டர் கீழே. விளக்கைப் பிடித்து எண்ணினேன். மொத்தம் 19 இழைகள், அவற்றில் ஐந்து போய்விட்டன. மிச்சம் பதினாலு இழைகள் ஐந்து பேர் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தன. இந்தத் தடவை பாலத்தில் சாகசம் வேண்டாம் என்று, மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பிறையில் நண்பர் காட்டிய ஒரு சிறிய பட்டறைக்கு மெதுவாக ஓட்டிப் போனேன்.

அங்கே இருந்த அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். கேபிளைக் கழற்றுவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி கேபிளைப் பற்றியது இல்லை.

"தம்பி, இந்த லீவரை எப்போது மாற்றினீர்கள்?"

2023 ஜனவரியில் வண்டி நிறுத்துமிடத்தில் சாய்ந்து விழுந்து லீவர் வளைந்தது. இரவுச் சந்தையில் 45 வெள்ளிக்கு ஒரு குட்டை லீவர் வாங்கி நானே போட்டேன். நீல நிறம், பளபளப்பு, இரண்டு விரலுக்கு அளவான நீளம்.

"பழைய கேபிள் எங்கே அறுந்தது?"

நிப்பிளுக்குக் கொஞ்சம் கீழே. இரண்டும் ஒரே இடத்தில். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

அவர் லீவரைக் கழற்றி, நிப்பிள் உட்காரும் துளைக்குள் என் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். உள்ளே அரம்போலச் சொரசொரப்பு. லீவரை இழுக்கும்போது நிப்பிள் அந்தத் துளைக்குள் உருள வேண்டும். உருண்டால் கம்பி நேராக இழுபடும். உருளாமல் சிக்கிக்கொண்டால், ஒவ்வோர் இழுப்புக்கும் கம்பி நிப்பிளின் வாயருகே மடங்கி நிமிர்கிறது. ஒரு மெல்லிய கம்பியை இரண்டு கையாலும் இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான். சமிக்ஞை விளக்குகள், தொழிற்சாலை வாசல், சுங்கை நிபோங் நெரிசல் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். குட்டை லீவர் கனமாக இருந்ததற்கும் அவரிடம் பதில் இருந்தது. லீவர் சுழலும் ஆணிக்கு எவ்வளவு அருகில் விரல் இழுக்கிறதோ அவ்வளவு பலம் வேண்டும். கிணற்று ஏற்றத்தின் கழியை நடுவில் பிடித்து இறைத்துப் பாருங்கள் என்றார். ஏற்றத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் புரிந்தது.

ஆக, 12 வெள்ளிக் கேபிள்மீது நான் ஊரெல்லாம் சொன்ன பழியில் முக்கால் பங்கு தவறு. கால் பங்கு, போட்ட பட்டறைக்கு. கைப்பிடிக்கும் விளக்குக்கும் நடுவே கேபிளைத் தாங்கும் வளையத்துக்குள் விடாமல் வெளியே விட்டிருந்தார்கள். கைப்பிடியை முழுக்க இடப்பக்கம் திருப்பினால் வெளியுறை இழுபட்டு லீவர் ஆட்டம் காணாமல் போனது. அதை நானும் ஏழு மாதம் கவனிக்கவில்லை. இப்போது யார் கேபிள் மாற்றினாலும் வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிடியை இரண்டு பக்கமும் முட்டத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறேன். எஞ்சின் சத்தமும் மாறக்கூடாது, லீவர் ஆட்டமும் மாறக்கூடாது.

மூன்றாவது கேபிள், நிறுவனத்தின் அசல் சாமான், 38 வெள்ளி. அசல் லீவர் 18. கூலி 10. நிப்பிளிலும் லீவர் சுழலும் ஆணியிலும் அண்ணன் பட்டாணி அளவு கிரீஸ் தடவினார். கேபிளுக்குள் கிரீஸ் விடக்கூடாது என்று எச்சரித்தார். அது தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். சில கேபிள்களுக்கு உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் இருக்கும், அவற்றுக்கு எண்ணெயே வேண்டாம் என்று தயாரித்தவர்களே சொல்வதுண்டு, பெட்டியைப் படித்துப் பாருங்கள் என்றார். என்னுடையதற்கு மெல்லிய எண்ணெய் விடலாம்.

எண்ணெய் விடும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடையில் தே தாரேக், அதாவது ஆற்றிய பால் தேநீர், கட்டித் தரும் பிளாஸ்டிக் பை இருக்கிறதே, அதைக் கழுவிக் காயவைத்துக்கொள்ள வேண்டும். அடிமூலையில் சின்னதாக ஒரு வெட்டு. கேபிளின் மேல்முனையை லீவரிலிருந்து கழற்றி, அந்த வெட்டுக்குள் நுழைத்து, ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, பையின் கயிற்றை ஏதாவது ஆணியில் மாட்டிவிட்டு உறங்கப் போகலாம். காலையில் எஞ்சின் பக்க முனையில் கறுப்பாகச் சொட்டியிருக்கும். கீழே பழைய செய்தித்தாள் விரிக்க மறந்தால் வீட்டில் சண்டை நிச்சயம். துரு நீக்கும் தெளிப்பானை அடித்தும் பார்த்தேன். அன்றைக்கு வெண்ணெய்போல இருந்தது, மூன்று வாரத்தில் பழையபடி ஆனது. அது கழுவிவிடத்தான் உதவும், தங்காது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய், மாதம் ஒருமுறை நிப்பிளில் கிரீஸ். லீவர் முனை ரப்பர் உறை கிழிந்ததும் மாற்றிவிட்டேன், மூன்று வெள்ளிகூட இல்லை. பாலத்தின் நடுவில் கடற்காற்றோடு மழை பக்கவாட்டில் அடிக்கும்போது, தண்ணீர் கேபிளுக்குள் இறங்குவது அந்த வழியாகத்தான்.

22,600 கிலோமீட்டருக்குப் பிறகு மூன்றாவது கேபிளின் நிலை: ஓர் இழைகூட அறவில்லை. லீவர் பக்கத்துத் திருகில் இன்னும் பாதி மரை மிச்சம். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் சற்றுக் கனமாக இருக்கிறது, சூடேறியதும் சரியாகிவிடுகிறது. இருந்தாலும் 65,000இல் அறுந்தாலும் அறாவிட்டாலும் மாற்றிவிடுவதாக இருக்கிறேன். புதிய கேபிளை இப்போதே வாங்கி, பழையதன் பக்கத்திலேயே அதே வழியில் ஓட்டி, இரண்டு முனையையும் நாடாவால் சுற்றி வைத்திருக்கிறேன். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் செய்யும் வேலை இது. வழியில் அறுந்தால் முனைகளை மாட்டினால் போதும், வண்டியின் மேலுறைகளைக் கழற்ற வேண்டியதில்லை. அழகாக இல்லை என்பது உண்மைதான்.

அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவருடைய ஹோண்டா இஎக்ஸ்5 வண்டியில் கிளட்ச் லீவரே கிடையாது, காலால் கியரைத் தட்டினால் போதும். "இல்லாத சாமானை வாங்கி, அதற்கு எண்ணெயும் விடுகிறான்" என்று வாசலில் உட்கார்ந்து தே தாரேக் பையைப் பார்த்துச் சிரிக்கிறார்.

நீல லீவர் கருவிப்பெட்டியில் கிடந்தது. மைத்துனர் பார்த்துவிட்டு, தன் வண்டிக்கு வேண்டும் என்று கேட்டார். துளையை ராவி வழவழப்பாக்காமல் போடக்கூடாது என்றேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு அன்று மாலையே போட்டுக்கொண்டார். இருக்கைக்கடியில் வைத்துக்கொள்ள ஒரு கேபிளையும் 10 எண் ஸ்பேனரையும் நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்போது வாரம் ஒருமுறை அவருடைய மீட்டரைப் பார்த்துக் குறித்துவருகிறேன். லீவர் போட்டதிலிருந்து நேற்று வரை 3,100 கிலோமீட்டர்.