விசில் சத்தம்: சட்டை உரிக்கப் போகிறதா, நுரையீரல் தொற்றா?

வளர்ப்புப் பாம்பின் மூச்சில் சத்தம் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சட்டை உரிக்கப் போகிறது, அல்லது நுரையீரலில் தொற்று. முதலாவதற்குப் பொறுமை போதும். இரண்டாவதில் பொறுமை காட்டினால் உயிருக்கே ஆபத்து.

சட்டை உரிக்கும் முன் கண்கள் பால் படிந்ததுபோல் மங்கும். மூக்குத் துளையில் பழைய தோல் தளர்ந்து நிற்பதால் மெல்லிய, வறண்ட விசில் வரும். சட்டை கழன்றதும் நின்றுவிடும். தொற்றின் சத்தத்தில் ஈரம் இருக்கும்: சொடுக்குவது போலவோ, கொறகொறவென்றோ கேட்கும், சட்டை உரித்த பிறகும் விடாது. ஆனால் சத்தமே இல்லாமலும் நோய் முற்றலாம். அதனால் நான் காதைவிடக் கண்ணைத்தான் நம்புவேன்.

பார்க்க வேண்டியது வாயை. இரை விழுங்கிய பாம்பு கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறப்பது தாடையை ஒழுங்குபடுத்தத்தான். சில நொடிகளில் மூடிக்கொள்ளும். நோயுற்ற பாம்போ வாயை லேசாகத் திறந்தபடியே மூச்சு வாங்கும். உதட்டோரம் நுரை கட்டும், மூக்கில் குமிழி வரும். வாய் திறக்கும்போது மேலண்ணத்துக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே சளி நூல் நூலாக இழுபடும். இதைக் கண்டபின் வேறு அத்தாட்சி தேடி நாளைக் கடத்தாதீர்கள். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப்போல் இருமிச் சளியை வெளியே தள்ளவும் முடியாது. சேர்ந்தது உள்ளேயே தேங்கும்.

தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்ப்பது இயல்பு. கூண்டின் சுவரில் சாய்ந்து, மணிக்கணக்கில் முகத்தை அண்ணாந்தே வைத்திருந்தால் மூச்சுக்குத் திணறுகிறது என்று கொள்ளுங்கள். இரை எடுக்காததை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பால் பைத்தான்கள் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு இனம்) நல்ல ஆரோக்கியத்தோடே மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

அடுத்த கேள்வி, கூண்டைச் சூடாக்கிக் காத்திருப்பதா, மருத்துவரிடம் போவதா என்பது. வெப்பம் குறைந்தால் பாம்பின் நோய் எதிர்ப்பும் குறையும், ஆகவே சூட்டைச் சரிசெய்வது அவசியம்தான். பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் சளி தெரிந்த பிறகு அது துணை வைத்தியம் மட்டுமே. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் ஊசிக்குக் கேட்கும். வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது. மலைப்பாம்புகளின் நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸ் பற்றிய ஆய்வுகள் 2014இல் வெளிவந்தன. பாக்டீரியாவா, வைரஸா என்பதை வாய் அல்லது மூச்சுக்குழாய்ச் சளியைப் பரிசோதித்தால்தான் பிரித்தறிய முடியும். வீட்டில் மிஞ்சிய மனித மருந்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மற்ற பாம்புகளிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள். சத்தமும் குமிழியும் வரும்போது கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மேசையில் அதே பாம்பு சத்தமே இல்லாமல் கிடக்கலாம். கூண்டின் இரு பக்க வெப்பம், ஈரப்பதம், கடைசியாக இரை எடுத்த தேதி, சட்டை உரித்த தேதி ஆகியவற்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.