வீட்டில் நர்ஸா, பராமரிப்பு இல்லமா? நாங்கள் முடிவெடுத்த விதம்

அம்மாவுக்கு இதயச் செயலிழப்பும் சுகரும் பல வருடமாக உண்டு. அதற்கு மேல் நிமோனியாவும் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனபோது இரண்டு வழிகள் இருந்தன: வீட்டில் நர்ஸ் வைத்துக்கொள்வது, அல்லது இரவு பகலாக நர்ஸ்கள் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் கொஞ்ச காலம் சேர்ப்பது. நாங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தோம். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

இல்லத்தின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆக்ஸிஜன், சளி உறிஞ்சும் கருவி, தூக்கி உட்கார வைக்க ஆள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். ஒரு நர்ஸ் வராவிட்டால் இன்னொருவர் வருவார். வீட்டில் அந்த இடத்தில் நாம்தான் நிற்க வேண்டும். இதிலெல்லாம் இல்லம்தான் முன்னே நிற்கிறது, சந்தேகமே இல்லை.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: அம்மா வழக்கமாக எப்படி இருப்பார் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியுமா?

வயதானவர்களுக்குத் திடீர் நோய் வரும்போது எப்போதும் பாடப்புத்தக அறிகுறிகளோடு வருவதில்லை. தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். திடீர்க் குழப்பம், தடுமாறி விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, இவைகூட முதல் அறிகுறியாக இருக்கலாம். இப்படி உடல்நோயால் திடீரென வரும் மனக்குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். டெலிரியம் என்றால் பிதற்றல், கூச்சல் என்றே நினைக்கிறோம். ஆனால் சத்தமே இல்லாமல் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும் வகையும் உண்டு. ‘வயசாச்சு, அசதி’ என்று அதைக் கடந்துபோவது மிகச் சுலபம். மருந்துகளும் சில அறிகுறிகளை மறைக்கும். பீட்டா பிளாக்கர் எனும் இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குச் சுகர் இறங்கினால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

எங்களுக்கு வாய்த்த நர்ஸ் முதல் நாளே அம்மா எவ்வளவு தூரம் நடப்பார், எத்தனை தலையணை வைத்துத் தூங்குவார், எந்தக் காதில் நன்றாகக் கேட்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே எடை மெஷினில் எடை பார்ப்பார். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது உடம்பில் தங்கும் நீர், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் சொல்லி வைத்தார்.

ஒரு நாள் காலை அம்மா பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தார். வெப்பநிலை 37.3 டிகிரி செல்சியஸ்தான், யாரும் காய்ச்சல் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நோட்டில் அம்மாவின் வழக்கமான அளவு 36.1. நர்ஸ் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார்: 26, இருக்க வேண்டியதைவிட வேகம். உடனே டாக்டருக்குப் போன் போனது. நெஞ்சில் மறுபடி தொற்று. ஆரம்பத்திலேயே பிடிபட்டதால் மாத்திரையோடு வீட்டிலேயே சரியாயிற்று.

இல்லத்து நர்ஸ்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. பலருக்கு அனுபவம் இன்னும் அதிகம். ஆனால் ஷிஃப்ட் மாறும்போது எண்கள் கைமாறும் அளவுக்கு ‘இன்று ஆள் ஒரு மாதிரியாக இருக்கிறார்’ என்பது கைமாறுவதில்லை. போதாததற்கு, புது இடமும் கலைந்த தூக்கமும் சேர்ந்தால் டெலிரியம் வரும் வாய்ப்பே கூடுகிறது. வீட்டில் மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பழகிய முகங்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

சரி, எல்லோருக்கும் வீடுதானா? அப்படிச் சொல்ல மாட்டேன். அம்மா பிடித்துக்கொண்டு நடப்பார், பக்கம் திரும்பிப் படுப்பார். தானாகத் திரும்ப முடியாதவரை இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். அதை ஒரே நர்ஸும் தூக்கம் கெட்ட குடும்பமும் தொடர்ந்து செய்வது கஷ்டம். தொண்டையில் குழாய் வைத்தவர், இரவில் எழுந்து அலையும் முற்றிய மறதிநோயாளி ஆகியோரை நான் பார்த்துக்கொண்டதில்லை. அவர்களுக்கு இல்லமே பொருந்தலாம்.

வீடு என்று முடிவெடுத்தால், வருபவர் பயிற்சி பெற்ற நர்ஸா, உதவியாளரா என்று கேட்டுவிடுங்கள். குளிப்பாட்டவும் நடக்கவைக்கவும் உதவியாளர் போதும். இன்சுலின் அளவு, புண் கட்டு, மூச்சு எண்ணிக்கை இதெல்லாம் நர்ஸின் வேலை.

இல்லம் என்றால், வழக்கமான வெப்பநிலை, எடை, மூச்சு, நடை, தூக்கம், பேச்சு, எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் முதலில் அதைப் படிக்கட்டும்.