அலுமினிய வெல்டிங் பழக முதலில் எது: ஆர்கானா, ஸ்பூல் கன்னா?

இரும்பில் நன்றாகக் கை பழகியவர்கள்கூட அலுமினியத்தில் முதல் நாள் தகட்டைப் பொத்தல் போடுவார்கள். உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும். மேலே படிந்த ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. எனவே மெஷின் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது, அந்தத் தோலை அது எப்படி உரிக்கிறது, உருகுவதைக் கண்ணால் பார்க்க விடுகிறதா என்பதையே.

பட்டறையில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்கிற டிக் (TIG), இரண்டையும் செய்யும். இதில் டங்ஸ்டன் நுனியில் ஆர்க் பிடித்து, நிரப்பும் ராடைத் தனியாகக் கையால் ஊட்ட வேண்டும். ஏசி மின்னோட்டத்தின் ஒரு பாதி தோலை உரிக்கும், மறுபாதி உருக்கும். டிசி மட்டும் தரும் மலிவு டிக் மெஷின் இதற்கு ஆகாது. 3 மி.மீ. தகட்டுக்கு 120 முதல் 130 ஆம்ப், 2.4 மி.மீ. லாந்தனேட்டட் டங்ஸ்டன், சுத்த ஆர்கான் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர், ஏசி வேகம் 100 ஹெர்ட்ஸ், பேலன்ஸ் (உருக்கும் பாதிக்கும் உரிக்கும் பாதிக்கும் உள்ள பங்கு) 70 சதவீதம் நெகட்டிவ், அதாவது உருக்கும் பக்கம், என்று தொடங்கலாம். இதே அளவைச் சில மெஷின்கள் ‘கிளீனிங் 30’ என்று காட்டும், குழம்ப வேண்டாம்.

ஆர்க் பிடித்த முதல் சில நொடி ஒன்றுமே நடக்காது. பிறகு மங்கிக் கிடந்த இடம் சட்டென்று நனைந்த கண்ணாடி போல மின்னும். அப்போதே ராடு நுனியைத் தொட்டு எடுத்து டார்ச்சை நகர்த்த வேண்டும். தயங்கினால் அந்த மினுக்கம் குழிந்து கீழே சொட்டிவிடும். டங்ஸ்டன் உருகலில் பட்டால் ஆர்க் தள்ளாடும், கறுப்புத் துகள் படியும். நிறுத்தி நுனியைச் சாணை பிடிப்பதுதான் வழி. தகடு சூடேற ஏற ஆம்ப் இறங்க வேண்டும். அதனால் ஆம்பைக் கூட்டிக் குறைக்கும் கால் பெடலில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

டிரிகரை அழுத்தினால் ஒயர் தானாக வந்து உருகும் மிக் (MIG) வேகமானது. 5 மி.மீ.க்கு மேல் தடிமன், நீளமான ஜாயிண்ட் என்றால் அதுதான் லாபம். ஆனால் மெல்லிய அலுமினிய ஒயர் நீளமான ஹோஸுக்குள் மடங்கி, ரோலர் பக்கம் குருவிக்கூடாகச் சுருண்டுகொள்ளும். ஒயர் சுருள் துப்பாக்கியிலேயே இருக்கும் ஸ்பூல் கன் அதைத் தவிர்க்கும். இரும்புக்கு வைத்திருக்கும் கார்பன்-டை-ஆக்சைடு கலவை சிலிண்டரை மாட்டினால் கரிதான் மிஞ்சும். இங்கேயும் சுத்த ஆர்கான் வேண்டும். துப்பாக்கியை இழுக்காமல் முன்னே தள்ளிக்கொண்டு போகவும். பழகுபவர் ஏமாறும் இடம் வேறு: அடித்தகடு உருகியதோ இல்லையோ, டிரிகரை அழுத்தினால் ஒயர் வந்துகொண்டே இருக்கும். பீட் (வெல்டிங் வரி) மேலே அழகாக உட்கார்ந்திருக்கும். வைஸில் பிடித்து வளைத்தால் உரிந்து வரும். தொடங்கும் முதல் ஒரு அங்குலத்தில் இது அதிகம்.

கேஸ் டார்ச்சில் உருக்கும் துத்தநாக ராடு சுமார் 400 டிகிரியில் ஓடும். அது வெல்டிங்கே அல்ல, சால்டரிங். விரிசலை அடைக்கலாம், பாரம் தாங்கும் பிராக்கெட்டுக்கு வேண்டாம். அலுமினிய ஆர்க் ராடு ஈரத்தை இழுக்கும், மடமடவென்று எரியும், கசடைக் கழுவாவிட்டால் அரிக்கும். பழகுவதற்கு அது தண்டனை.

சுத்தத்தில் டிக், மிக் இரண்டுக்கும் ஒரே விதி: முதலில் அசிட்டோன், அது உலர்ந்த பிறகு அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய ஸ்டெயின்லெஸ் பிரஷ். வரிசை மாறினால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்துவிடுவீர்கள். அது ஹைட்ரஜனாகி உள்ளே குமிழ் போடும். குளோரின் உள்ள பிரேக் கிளீனர் பக்கமே போகாதீர்கள், ஆர்க்கில் பாஸ்ஜீன் நச்சுவாயு உண்டாகும்.

ஃபில்லரில், அதாவது இணைப்பை நிரப்பும் ராடு அல்லது ஒயரில், 4043 என்ற அலுமினியக் கலவை நன்றாக ஓடும். பழக அதுவே போதும். அனோடைஸ் (மின்வழி ஆக்சைடு பூச்சு) செய்தால் கறுத்துத் தெரியும், அங்கே 5356 கலவை. ஒயராக ஓட்டவும் விறைப்பான 5356 சுலபம், ஆனால் 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாகும் இடத்தில் அது கூடாது. 6061 கலவைத் தகட்டை ஃபில்லர் இல்லாமல் உருக்கி ஒட்டினால் நடுவே பிளக்கும்.

எங்கள் தேர்வு ஏசி டிக். 3 மி.மீ. துண்டுகளில் பழகுங்கள். முடிக்கும்போது சட்டென்று ஆர்க்கை அணைக்காமல், ஆம்பை இறக்கிக்கொண்டே கடைசியாக ஒரு சொட்டு ஃபில்லர் வையுங்கள். முடிக்கும் இடத்தில் விழும் குழியை நிரப்பாமல் விட்டால், ஆறும்போது அங்கிருந்துதான் நட்சத்திர விரிசல் கிளம்பும்.